நான் கீறிய பொட்டு

சென்ற மாதம் உங்கள் படப்பிடிப்புப் பயிற்சி வகுப்பில் பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். முகப்படத்துக்குச் சூரிய வெளிச்சம் நல்லதா, ஸ்டூடியோ விளக்கு நல்லதா என்று ஒரு மணி நேரம் வாதாடினீர்கள். கடைசியில் ஒருவர் எழும்பி, "இயற்கை வெளிச்சம் பொய் சொல்லாது" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். பேசியிருந்தால் இன்னும் மோசமாக நினைத்திருப்பீர்கள். அவ்வளவு கோபம். அது இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருக்க எனக்கு வயதும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். கீழே வரும் மாதங்களையும் நேரங்களையும் அவற்றிலிருந்தே எடுத்திருக்கிறேன். பேச்சுகளையும் அன்றன்றே குறித்து வைத்திருந்தேன். என் தவறு எனக்குச் சாதகமாக மாறிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நினைவு எப்போதும் அதன் சொந்தக்காரன் பக்கமே சாயும்.

வவுனியாக் கடைத்தெருவின் ஓரத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடம் வேலை செய்தேன். முதலாளியின் பெயரை எழுதமாட்டேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர். வந்தவரை ஒரு நிமிடம் கதைக்க விட்டு, அந்த முகத்துக்கு எந்தப் பக்கம் நல்லது என்று கண்டுகொள்வார். படம் பிடிக்கும் அறைக்குத் தகரக் கூரை. வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு பலகைக் கதவுகள், அவற்றுக்கு வெள்ளைத் துணி. கதவை எவ்வளவு திறப்பது, துணியை எவ்வளவு இழுப்பது என்பதுதான் தொழில். காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை வேலை நடக்கும். மாரி தொடங்கினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

1961 பங்குனியில் முதலாளி கொழும்பிலிருந்து மூன்று பெரிய விளக்குகளும் புது வகைப் பிலிமும் கொண்டு வந்தார். அன்றே பலகைக் கதவுகளை ஆணியடித்து மூடினார்.

"இனிச் சூரியனுக்குக் காவலிருக்கத் தேவையில்லை" என்றார். "அவர் எங்களுக்குச் சம்பளக்காரன் இல்லை. இது சுவிச்சைத் தட்டினால் வரும்."

பத்தாம் நாள் ஒரு நெல் ஆலைக்காரரின் மனைவி, படத்தை எடுத்துச் சென்ற அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கணவர் பின்னால் வந்தார். படத்தை மேசையில் எறிந்தார் அந்த அம்மா.

"ஆர் என்னை அறுதலியாக்கினது?"

முதலாளி படத்தை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அவர் இஞ்சை மலை மாதிரி நிக்கிறார். அதுக்கிடையிலை நீங்கள் பொட்டை அழிச்சுப் போட்டியள்."

"நான் நேற்றும் சாப்பிட்டனான்" என்றார் கணவர், சாட்சி சொல்வதுபோல. மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

காரணம் எளிது. பழைய பிலிம் சிவப்பைக் கறுப்பாகக் காட்டியது. புதுப் பிலிம் காட்டவில்லை. விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு வெளுத்து, தோலோடு தோலாகக் கரைந்துவிட்டது. குங்குமம் சிவப்பு. கதவுகளைத் திறந்து, கிரயம் கூடினாலும் பழைய பிலிமை மறுபடி எடுத்திருக்கலாம். முதலாளி ஆணியைப் பிடுங்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நீ பின்னாலை இருந்து மையாலை ஒவ்வொரு பொம்பிளைப் படத்துக்கும் ஒரு பொட்டு வைச்சுவிடு. உனக்குத்தான் கை நடுங்காது."

அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அன்றிலிருந்து என் வேலை அது. பின்னறையில் ஒரு மேசை, ஒரு குப்பி மை, மூன்றே மயிர் கொண்ட ஒரு தூரிகை. படம் பிடிப்பவர் முதலாளி. வந்தவர்களை நான் பார்ப்பதில்லை. இலக்கம் போட்ட உறைகளில் பிரதிகள் என்னிடம் வரும். முஸ்லிம் பெண்கள், வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவப் பெண்கள், விதவைகள் என்றால் முதலாளி உறையில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருப்பார். கோடு இல்லாவிட்டால் பொட்டு. சிறிய நெற்றிக்குச் சிறியது, அகன்ற நெற்றிக்குப் பெரியது. சிலருக்குக் கொஞ்சம் வடிவாகவே வைப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை. வவுனியாப் பெண்களுக்கு நான் பொட்டு வைக்கிறேன் என்று என் சிநேகிதனுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது அதை எழுதிய கையை அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

1962 ஆனி மாதம் ஓர் உறை வந்தது. அதில் சிறிய அளவுப் படம், மூன்று பிரதிகள். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். கழுத்துக்கு மேல்தான் தெரிந்தது. உறையில் கோடு இல்லை. காதில் தோடும் இல்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தோடு இல்லாததை நான் கண்டேன். கண்டு யோசித்தேன். குடியேற்றத் திட்டத்திலிருந்து வருகிற பெண்ணாக இருக்கும், விதை நெல்லுக்காகத் தோட்டை அடகு வைத்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். இவ்வளவு இளம் முகம் விதவையாக இருக்காது என்று முடிவு செய்தேன். முன்னறைக்குப் போய்ப் பத்து அடி நடந்து முதலாளியிடம் கேட்டிருக்கலாம். மூன்று படத்திலும் பொட்டு வைத்தேன். அகன்ற நெற்றி. நன்றாக வந்தது.

அந்தப் பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வவுனியாவுக்கு மேற்கே ஒரு குளத்துக் குடியேற்றத்தில் இருந்தவர். கணவரை இரண்டு வருடத்துக்கு முன் வயல் வரம்பில் பாம்பு தீண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகள். வயல் கணவரின் பெயரில் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி மனுப் போட்டிருந்தார். கணவரின் தமையன் அதை மறித்தார். மறுமணம் செய்த விதவைக்குக் காணி நிற்காது என்பது குடியேற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்தப் பெண் தனக்கு உழுது கொடுக்க வருகிற ஆளோடு குடும்பம் நடத்துகிறார் என்பது தமையனின் கதை.

மனு எழுதிக் கொடுத்தவர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் மேசை போட்டிருந்த ஒருவர். "படம் குத்தினால் பைல் அடியிலை போகாது" என்று சொல்லி அந்தப் பெண்ணை எங்கள் ஸ்டூடியோவுக்கு அனுப்பியவரும் அவர்தான். படங்களை அவரே வந்து உறையோடு வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் பார்க்காமல் ஒன்றை மனுவில் குத்தி உள்ளே கொடுத்தார்.

படத்துக்கு உரியவர் தன் படத்தை முதன்முதலில் பார்த்தது, ஆடி மாதம் நடந்த காணி விசாரணையில். தமையன் அதைத் தூக்கிப் பிடித்துச் சபைக்குக் காட்டினாராம். "அறுதலியின்ர பொட்டைப் பாருங்கோ."

மறுநாள் காலை அந்தப் பெண் முதல் பஸ்ஸில் வந்து ஸ்டூடியோ திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை. கையில், மனு எழுதியவரிடம் வாங்கிய மற்ற இரண்டு பிரதிகள். முதலாளி கதிரையைக் காட்டினார்.

"பிள்ளை, முதல்லை இருங்கோ. ஆறுதலாய்க் கதைப்பம்."

"நான் இருக்க வரேல்லை. ஆர் இதைக் கீறினது?"

"அது ஒரு சின்னப் பிழை. வேறை படம் ஒண்டு சும்மா எடுத்துத் தாறன்."

"என்ர மனிசன் செத்து ரெண்டு வருசம்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அவர் இருக்கேக்கைகூட நான் இவ்வளவு வடிவாய்ப் பொட்டு வைச்சதில்லை. வேளைக்கு எழும்பி வயலுக்குப் போற எனக்கு எங்காலை நேரம்? ஆர் இது வைச்சது? அந்தக் கையைக் காட்டுங்கோ."

நான் பின்னறை வாசலில் நின்றேன். தூரிகை கையில் இருந்தது.

"நான்தான் அக்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் என்னை முன்பின் கண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"காணாத பொம்பிளைக்கு எந்தத் துணிவிலை தம்பி பொட்டு வைச்சனீங்கள்?"

அறுபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கேள்வி அன்றைய நாட்குறிப்புப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அடுத்த விசாரணை ஆவணியில். அங்கே வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு முதலாளி கதவைச் சாத்தினார்.

"நீ அங்கை போய் வாய் திறந்தால், இந்த ஊர்ப் பொம்பிளையள் எல்லாருக்கும் தங்கட பொட்டு நீ கீறினது எண்டு தெரியவரும். ஒன்றரை வருசத்துப் படம். கலியாணம் பேசக் குடுத்த படம், சுவரிலை மாட்டின படம். ஆர் பிறகு இந்த வாசல்படி மிதிப்பினம்?"

"அவவுக்குக் காணி போகும்."

"எனக்குக் கடை போகும். யோசி."

யோசித்தேன். நெகட்டிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

விசாரணை பத்தேகாலுக்குத் தொடங்கியது. நீண்ட மேசைக்குப் பின்னால் காணி அதிகாரி, நேர்மையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். தமையனின் பக்கம் கதைக்க, புறக்கிராசியார் என்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் முன்பு கிளாக்கராக இருந்த ஒருவர் வந்திருந்தார். குடியேற்றத்து ஆண்கள் இருபது பேர் நீண்ட மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் அவர் ஒருவர்தான். அவரை ஒரு தூணோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பிலிம், குங்குமம் கரைவது, மை, உறை, கோடு. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அதிகாரி வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கிளாக்கர் மெல்ல எழும்பினார்.

"தம்பி வலு வடிவாய் விளங்கப்படுத்தினார். ஒரு சின்னச் சந்தேகம். மெய்யாய்க் குங்குமம் வைச்சுக்கொண்டு வாற பொம்பிளையின்ர பொட்டும் இந்த நெகட்டிவிலை விழாது, என்ன?"

"விழாது."

"அப்ப, இதிலை பொட்டு இல்லாததாலை அண்டைக்கு இவ பொட்டு வைக்கேல்லை எண்டு சொல்லேலுமோ?"

வாங்குகளில் யாரோ சிரித்தார்கள். கறுப்புச் சாந்து என்றால் விழுந்திருக்கும் என்று சுற்றி வளைத்துக் கதைத்திருக்கலாம். நெகட்டிவே ஆதாரம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அங்கே ஒருவருக்கும் பொய் தெரிந்திருக்காது.

"சொல்லேலாது" என்றேன்.

"அவ்வளவுதான் ஐயா" என்று கிளாக்கர் உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னதற்காக என்னை மெச்சாதீர்கள். அந்த உண்மையை அந்தப் பெண்ணின் செலவில் சொன்னேன். பிறகு செய்தது அதைவிடக் கேவலம். தோற்ற கோபத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வருடக்கணக்காகக் குங்குமம் வைக்கிற நெற்றியில் ஒரு தழும்பு நிறம் விழும். வைப்பதை விட்டு இரண்டு வருடம் வயல் வெயிலில் நின்றால் அது மறைந்துவிடும். பக்கவாட்டு வெயிலில் பார்த்தால் தோல் எல்லாவற்றையும் காட்டும்.

"ஐயா, விளக்குத்தான் பொய். வெளியிலை வெயில் இருக்கு. அவவை வெயிலிலை நிப்பாட்டி நெத்தியைப் பாத்தால் உண்மை தெரியும். நான் படமும் எடுத்துத் தருவன்."

ஆம். உங்கள் வகுப்பில் கைதட்டல் வாங்கிய அதே வசனம். நான் அதை இருபத்துநான்கு வயதில், ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே, இருபது ஆண்களின் முன்னால் சொன்னேன்.

கிளாக்கருக்கும் அது பிடித்துவிட்டது. "நல்ல யோசனை ஐயா. எல்லாருமாய்ப் போய்ப் பாப்பம்." வாங்குகள் கிறீச்சிட்டன. ஆட்கள் எழும்பினார்கள். ஒருவர் சால்வையைத் தோளில் சரி செய்துகொண்டார், தேர் பார்க்கப் போகிறவர்போல. அதிகாரி மறிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருங்கோ எல்லாரும்."

தூணோரத்திலிருந்து அவர் ஒரு அடி முன்னே வந்தார்.

"என்ர நெத்தியிலை இவர் ஒரு பொட்டைக் கீறினார். நீங்கள் எல்லாரும் கண்டியள். இப்ப இல்லாத பொட்டை வெயிலிலை வைச்சுத் தேடப்போறியளோ? நான் காணி கேட்டு வந்தனான் ஐயா. நெத்தி காட்ட வரேல்லை. பக்கத்து வயல்காரரைக் கேளுங்கோ. விதானையாரைக் கேளுங்கோ. என்னைக் கேளுங்கோ. வந்த நேரம் தொட்டு என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை. படத்தைக் கேக்கிறியள், நெகட்டிவைக் கேக்கிறியள், இந்தத் தம்பியைக் கேக்கிறியள். நான் இஞ்சை உயிரோடை நிக்கிறன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. பத்தேகாலிலிருந்து அவரிடம் யாரும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் சொன்னது சரி.

எழும்பியவர்கள் உட்கார்ந்தார்கள். அதிகாரி பேனையை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டார்: "அம்மா, உங்கட பெயர்?" அரை மணி நேரம் அவரையே விசாரித்தார். ஆனால் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஊர்த் தலைவரான விதானையாரின் அறிக்கை வரவேண்டும். அதுவரை இரு பகுதியாரும் காணியில் இறங்கக் கூடாது என்று எழுதினார். காகிதத்தில் நியாயமான கட்டளை. ஆவணியில் எழுதினார். ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடையில்தான் எங்கள் பக்கத்தில் காலபோக நெல் விதைப்பு. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அறிக்கை கார்த்திகையில் வந்தது. விதானையாரும் அயல் வயல்காரர் பதினொருவரும் அவருக்காகக் கையெழுத்து வைத்திருந்தார்கள். காணி அவருக்கே கிடைத்தது, விதைப்புக் காலம் முடிந்த பிறகு. படம் எந்தப் பக்கத்துக்கும் உதவவில்லை.

விசாரணைக்கு அடுத்த நாளே முதலாளி என்னை அனுப்பிவிட்டார். அவரில் எனக்குக் கோபம் உண்டு. உறையில் கோடு போட மறந்தவர் அவர். கதவுக்கு ஆணியடித்தவர் அவர். ஆனால் அந்தக் கோபத்தை உங்களுக்குத் தருவதற்கு எழுதவில்லை. சூரியனா விளக்கா என்று நீங்கள் வாதாடுகிறபோது, எதிரே கதிரையில் ஒருவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இன்று உங்களுக்குத் தூரிகை தேவையில்லை. விரலால் தேய்த்துத் தோலை வெளுப்பாக்குகிறீர்கள், மறுவை அழிக்கிறீர்கள், வெயிலில் எடுத்த படத்திலும் அதையே செய்கிறீர்கள். யார் சொன்னார்கள்? அந்த மறுவை அவர் அழிக்கச் சொன்னாரா? எந்தத் துணிவில் செய்கிறீர்கள்?

மார்கழி நடுவில், மழை விட்ட ஒரு புதன்கிழமை, இரவல் கமராவோடு அந்தக் குடியேற்றத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் அவரையும் பிள்ளைகளையும் ஒரு படம் எடுத்துக் கொடுப்பது என் திட்டம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வாய்க்கால் இரண்டு பக்கமும் பச்சை. நெல் முழங்காலுக்கு மேல் நின்றது. நடுவில் ஒரு துண்டு மட்டும் கோரையும் சேறுமாகக் கிடந்தது. பக்கத்து வயலில் கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். அவர்தான். கமராவைக் கண்டார்.

"இன்னும் என்ன தம்பி?"

"அக்கா, நான் செய்தது பெரிய பிழை. உங்களையும் பிள்ளையளையும் ஒரு படம்..."

"என்ர முகத்தை விடுங்கோ." சேற்றுக் கையால் கோரை நின்ற துண்டைக் காட்டினார். "அதைப் பிடியுங்கோ. வெயில் நல்லாய்த்தான் கிடக்கு."

"அக்கா..."

"பிடியுங்கோ எண்டுறன். பிடிச்சு எல்லாரும் பாக்கிற இடத்திலை மாட்டுங்கோ. எனக்குப் பிரதி வேண்டாம். எனக்கு அது ஒவ்வொரு நாளும் தெரியுது."

பிடித்தேன். அவர் குனிந்து களையைத் தொடர்ந்தார். நான் போகும்வரை நிமிரவில்லை. மன்னித்தார் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து முல்லைத்தீவில் சொந்தமாகக் கடை திறந்தேன். வாசல் கண்ணாடிப் பெட்டியில், மற்றக் கடைக்காரர்கள் கலியாணப் பெண்களை வைக்கும் இடத்தில், அந்தப் படத்தை வைத்தேன். கடையை மூடிய நாள்வரை அது அங்கே இருந்தது. வந்தவர்கள் உள்ளே காலெடுத்து வைக்குமுன் கேட்பார்கள்:

"என்ன தம்பி, முகம் பிடிக்கிற கடையிலை புல்லை மாட்டி வைச்சிருக்கிறியள்? இது ஆரின்ர காணி?"

"நான் தரிசு போட்ட காணி" என்பேன். பிறகு அவர்களுக்குக் கதிரையைக் காட்டி, பெயரைக் கேட்பேன்.